அடைப்புக்குறிக்குள் ஓர் ஆண்டு

1881-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் என்ற விலங்கியலாளர் ஓடில்லாத நத்தை ஒன்றின் முட்டையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். கட்டுரை என்றால் நாலு பக்கம் இல்லை. 400 பக்கங்களைத் தாண்டியது. முட்டை எப்படி முதிர்கிறது, எப்படிக் கருவுறுகிறது, ஒரு செல் எப்படி இரண்டாகவும் நான்காகவும் பிளக்கிறது என்று நுண்ணோக்கியில் கண்டதையெல்லாம் எழுதித் தீர்த்திருந்தார். நத்தையின் பெயர் லிமாக்ஸ் கம்பெஸ்ட்ரிஸ். துறைக்கு வெளியே அந்த நத்தையை இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் கட்டுரையின் 194-ஆம் பக்கத்தில் மார்க் செய்த ஒரு சிறு காரியம், இன்று தீசிஸ் எழுதும் ஒவ்வொரு மாணவரின் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

பிறர் சொன்ன ஒரு செய்தியை எடுத்தாண்ட இடத்தில், வரியின் ஓட்டத்திலேயே ஓர் அடைப்புக்குறி போட்டார். அதற்குள் அதைச் சொன்னவரின் பெயரையும் ஆண்டையும் எழுதினார். நூலின் முழு விவரம் கடைசியில் வரும் பட்டியலில் இருந்தது. வாசகர்கள் திகைத்துப் போவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, இது என்ன ஏற்பாடு என்பதை அதே பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு போட்டு விளக்கினார். பின்னாளில் அறிவியல் கட்டுரைகளிலிருந்து அடிக்குறிப்பையே விரட்டப் போகும் முறை, ஓர் அடிக்குறிப்பின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தது.

ஆண்டு எதற்கு? அந்தக் காலத்தின் போட்டியைப் பார்த்தால் புரியும். 1876-இல் ஜெர்மனியின் ஆஸ்கர் ஹெர்ட்விக், கடல் முள்ளெலியின் முட்டையில் ஆண், பெண் உட்கருக்கள் ஒன்றுசேர்வதைக் கண்டு எழுதியிருந்தார். 1879-இல் ஹெர்மன் ஃபோல், விந்தணு முட்டைக்குள் நுழைவதை விவரித்திருந்தார். யார் எதை முதலில் பார்த்தார் என்பது இந்தத் துறையில் பெரிய வழக்கு. பெயருக்குப் பக்கத்திலேயே ஆண்டு நின்றால், படிப்பவர் பக்கத்தைப் புரட்டாமலேயே கண்டுபிடிப்பின் வரிசையை அறிந்துகொள்வார். மேலும், ஓர் உயிரினத்தின் பெயரோடு அதற்குப் பெயர் வைத்தவரின் பெயரையும் ஒட்டி எழுதுவது விலங்கியலாளர்களுக்கு ஏற்கெனவே பழகிய வழக்கம். மார்க்கின் கட்டுரைத் தலைப்பிலேயே நத்தையின் பெயருக்கு அடுத்து, அதை வகைப்படுத்திய பின்னியின் பெயர் இருந்தது. அந்தப் பழக்கம்தான் அவர் கையை இந்தப் பக்கம் திருப்பியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேற்கோள் விதிகளை யாரோ ஒரு குழு சேர்ந்து மாணவர்களைத் துன்புறுத்தவென்றே இயற்றிய சட்டம் போல நாம் படிக்கிறோம். அவற்றின் பிறப்பைத் தேடிப் போனால், ஒவ்வொரு விதிக்கும் அடியில் ஒரு மனிதரின் அன்றாடத் தொல்லை கிடக்கிறது. தேடிப் பார்க்க முடியாமல் தவித்தவர், திருட்டுப் பட்டத்துக்குப் பயந்தவர், பக்கம் புரட்டிச் சலித்தவர், திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து ஓய்ந்தவர் என்று ஒரு பெரிய கூட்டம்.

ஓரத்தில் சில எழுத்துகள்

அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நிற்பவர் பீட் என்ற துறவி. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் வடக்கே ஜாரோ மடத்தில் இருந்தவர். விவிலியத்தின் லூக்கா நற்செய்திக்கு உரை எழுதும்போது அகஸ்டின், அம்புரோஸ், ஜெரோம், கிரகோரி ஆகிய முன்னோர்களின் உரைகளிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் பெயர் சொன்னால் வாசிப்பு தடைபடும். சொல்லாமல் விட்டால் பெரியவர்களின் சொல்லைத் தன் சொல்லாகக் காட்டியதாகிவிடும். அதனால் எடுத்தாண்ட இடங்களில் பக்க ஓரத்தில் அவரவர் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் குறித்தார். திருட்டுப் பழி வரக்கூடாது என்பதற்காகவே இப்படிச் செய்ததாக அக்கா என்ற பெயருடைய ஆயருக்கு எழுதிய முன்னுரையில் காரணமும் சொன்னார்.

பிறகு மாற்கு நற்செய்திக்கு உரை எழுதியபோது, தம் நூலைப் படியெடுப்பவர்கள் அந்த ஓர எழுத்துகளையும் விடாமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கையால் படியெடுக்கும் காலம். ஓரத்தில் கிடக்கும் இரண்டெழுத்தின் அருமை எழுதுகிறவருக்குத் தெரியுமா? பல பிரதிகளில் அவை விடுபட்டுப் போயின. சிலவற்றில் மட்டும் தப்பிப் பிழைத்தன. ஆதாரம் காட்டினால் மட்டும் போதாது, அது கைமாறும்போதும் உதிராமல் இருக்க வேண்டும் என்ற கவலை அப்போதே தொடங்கிவிட்டது.

என் நூலகத்துக்கு வந்து பாருங்கள்

அச்சு வந்த பிறகு ஓரக்குறிப்பு மெல்லப் பக்கத்தின் அடிக்கு இறங்கியது. அதை ஆயுதமாகவே ஏந்தியவர் பியர் பேல். மதக் கெடுபிடிக்குத் தப்பி பிரான்ஸிலிருந்து வந்து ஹாலந்தின் ராட்டர்டாம் நகரில் வாழ்ந்த புராட்டஸ்டண்ட் அறிஞர் அவர். புழக்கத்திலிருந்த அகராதிகளிலும் வரலாறுகளிலும் மலிந்த பிழைகளையெல்லாம் தொகுத்துப் பிழைகளுக்கென்றே ஓர் அகராதி போடுவதுதான் அவருடைய முதல் எண்ணம். அது வளர்ந்து, 1697 என்று ஆண்டிட்டு வெளிவந்த வரலாற்று விமர்சன அகராதியானது. அதன் பக்கத்தைப் பார்த்தாலே வேடிக்கையாக இருக்கும். மேலே இரண்டு மூன்று வரிதான் கட்டுரை; கீழே இரண்டு பத்திகளில் பொடியெழுத்தில் குறிப்புகள்; அந்தக் குறிப்புகளுக்கும் ஆதாரங்கள் ஓரத்தில். யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது, எங்கே தப்பு நுழைந்தது என்று ஒவ்வொரு செய்தியையும் அவர் துரத்திக்கொண்டே போவார்.

எல்லோரும் பேலைப் போல ஆதாரத்தை அதே பக்கத்தில் வைக்கவில்லை. எட்வர்ட் கிப்பன் ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய வரலாற்றின் முதல் தொகுதியை 1776 பிப்ரவரியில் லண்டனில் வெளியிட்டார். ஆதாரங்கள் முழுவதும் தொகுதியின் கடைசியில். எடின்பரோவில் நோயுற்றிருந்த தத்துவவாதி டேவிட் ஹ்யூம் அதைப் படித்து மகிழ்ந்தார். கூடவே எரிச்சலும் அடைந்தார். ஏப்ரலில் பதிப்பாளர் ஸ்ட்ராஹனுக்கு ஒரு கடிதம் எழுதினார். குறிப்பு எண்ணைக் கண்டதும் கடைசிப் பக்கத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது, ஓடிப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு நூலின் பெயர்தான் இருக்கிறது, இதையெல்லாம் அந்தந்தப் பக்கத்தின் ஓரத்திலோ அடியிலோ போட்டால் என்ன என்பது அவருடைய முறையீடு. அந்த ஆகஸ்டில் ஹ்யூம் இறந்துவிட்டார். அதன் பிறகு வந்த பதிப்பில் கிப்பனின் குறிப்புகள் பக்கத்தின் அடிக்கு வந்தன. வாசகர்களின் நச்சரிப்புக்கு இணங்கியதற்காகப் பல முறை வருந்தியதாகக் கிப்பன் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியது வேறு கதை.

அதைவிடப் பெரிய சோதனை 1778-இல் வந்தது. கிறிஸ்தவம் பரவிய விதத்தைக் கிப்பன் எழுதிய 15, 16-ஆம் இயல்கள் பலரைக் கொதிக்க வைத்திருந்தன. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஹென்றி எட்வர்ட்ஸ் டேவிஸ் என்ற இளைஞர் நேரே அடிக்குறிப்புகளில் கை வைத்தார். ஆதாரங்களைத் திரித்திருக்கிறார், பிறர் நூல்களிலிருந்து எடுத்ததை மறைத்திருக்கிறார், இடம் சரியாகக் குறிக்காமல் மழுப்பியிருக்கிறார் என்று ஒரு புத்தகமே போட்டார். வழக்கமாக விமர்சனங்களுக்கு மௌனம் காக்கும் கிப்பனால் இதைத் தாங்க முடியவில்லை. தன் கருத்தைத் தாக்கியிருந்தால் விட்டிருப்பார். நேர்மையையே அல்லவா கேள்வி கேட்டுவிட்டார்கள்! 1779-இல் பதில் எழுதினார். அதில் டேவிஸுக்கு ஓர் அழைப்பு உண்டு: நான் வீட்டில் இல்லாத ஏதாவது ஒரு பிற்பகலில் வாருங்கள், என் வேலைக்காரர் நூலகத்தைக் காட்டுவார், என் வரலாற்றுக்கான நூல்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன என்கிற பொருளில்.

தான் இல்லாத நேரமாகப் பார்த்து வரச் சொன்னது நக்கல்தான். ஆனாலும் மேற்கோள் குறிப்பு என்பதன் சாரத்தை இதைவிட நன்றாக யாரும் சொல்லிவிடவில்லை. எழுதியவர் பக்கத்தில் நின்று விளக்க வேண்டியதில்லை. வாசகர் தானே போய்ப் புத்தகத்தை எடுத்துச் சரிபார்க்கலாம். நம்பு என்று சொல்லாமல் பார்த்துக்கொள் என்று சொல்லும் துணிச்சல் அது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ராங்கே ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து வரலாறு எழுதத் தொடங்கிய பிறகு, இந்தத் துணிச்சலே தொழில் தகுதியாகிவிட்டது. ஆதாரம் காட்டாத வரலாறு கதைப் புத்தகத்தோடு சேர்ந்தது.

அதே ஆண்டுகளில் கும்பகோணத்தில்

மார்க் நத்தை முட்டையை ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் வேறொரு முனையில் இதே சிக்கலில் மாட்டியிருந்தார். 1880-இல் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். அதற்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் மேற்கோள்கள் கொட்டிக் கிடந்தன. ஆனால் எந்த நூல் என்று பெரும்பாலும் சொல்லியிருக்கவில்லை. பிறரும் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்ற அளவில் உரையாசிரியர் நகர்ந்துவிடுகிறார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் யாருக்காக எழுதினாரோ அவர்களுக்கு அந்தப் பாட்டுகள் மனப்பாடம். முதல் சீர் கேட்டாலே நூல் தெரிந்துவிடும் சபையில் பெயர் சொல்வது மிகை. சில நூற்றாண்டுகள் கழித்து அந்தச் சபை கலைந்து போனது. சங்க நூல்கள் ஏடுகளாக மடங்களிலும் வீடுகளிலும் முடங்கின. பிறகு வந்த சாமிநாதையர், மேற்கோள் வரி கையில் இருந்தும் அது பிறந்த நூல் எது என்று தெரியாமல் ஏடு ஏடாகத் தேட வேண்டியிருந்தது. சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், புறநானூறு 1894-இலும் அச்சேறியபோது அவர் முன்னுரைகளில் எந்த ஊரில் யாரிடமிருந்து ஏடு கிடைத்தது என்று எழுதி வைத்தார். தான் பட்ட பாட்டை அடுத்தவர் படக்கூடாது என்ற அக்கறை அது. எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் பொதுவான நினைவு இருக்கும் வரை மேற்கோளுக்கு முகவரி தேவையில்லை. அந்த நினைவு அறுந்த இடத்தில்தான் தேவை பிறக்கிறது.

பெயர் மட்டும் ஹார்வர்டு

மார்க் காட்டிய முறையை அவருடைய மாணவர்களும் சக விலங்கியலாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். மெல்ல மற்ற அறிவியல்களுக்கும் பரவியது. இதற்கு ஹார்வர்டு முறை என்று பெயர் வந்தது. ஹார்வர்டு நூலகத்துக்கு வந்த ஓர் ஆங்கிலேயர் இதைப் பார்த்து மெச்சி, ஊருக்குத் திரும்பி இந்தப் பெயரில் பரப்பினார் என்று ஒரு கதை உண்டு. 1988-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எலை செர்னின் என்பவர் மூலத்தைத் தேடிப் போய், மார்க்கின் நத்தைக் கட்டுரையில் கொண்டு வந்து நிறுத்தினார். ஒரு நூற்றாண்டாக எல்லோருக்கும் மூலம் காட்டச் சொல்லிக் கொடுத்த முறையின் மூலம் எது என்பதை அதுவரை யாரும் காட்டியிருக்கவில்லை.

இதில் மாணவர்கள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. ஹார்வர்டு முறைக்கென்று ஹார்வர்டு பல்கலைக்கழகம் வெளியிட்ட அதிகாரபூர்வ விதிநூல் ஏதும் இல்லை. ஆண்டை அடைப்புக்குறிக்குள் போடுவதா, அதன் பின் காற்புள்ளியா முற்றுப்புள்ளியா என்று கல்லூரிக்குக் கல்லூரி மாறும். எனவே ஹார்வர்டு முறையில் எழுது என்று சொன்னால், எந்த நிறுவனத்தின் ஹார்வர்டு என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

அச்சுக்கூடத்திலிருந்து வகுப்பறைக்கு

மறுபுறம் சிகாகோவில் விதிகள் அச்சுக்கோப்பவர்களின் மேசையில் பிறந்தன. 1891-இல் சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் தொடங்கியபோது பேராசிரியர்கள் கையெழுத்துப் பிரதியை நேரே அச்சுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். புரியாத கையெழுத்தைப் படித்து எழுத்தெழுத்தாகக் கோக்க வேண்டும்; கோத்ததை மெய்ப்புப் பார்ப்பவர் திருத்த வேண்டும். ஒரே சொல்லுக்கு ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் எழுத்துக் கூட்டினால் யாரைப் பின்பற்றுவது? அங்கே வேலை பார்த்தவர்கள் தங்களுக்குள் ஒரு தாளில் பொது விதிகளைக் குறித்து வைத்துக்கொண்டார்கள். தாள் சிறு ஏடாகி, 1906-இல் புத்தகமாக வெளிவந்தது. 2024-இல் வந்த அதன் 18-ஆம் பதிப்பு 1,000 பக்கங்களைத் தாண்டிவிட்டது.

அதை மாணவர் கைக்குக் கொண்டு வந்தவர் கேட் டுரேபியன். கல்லூரிப் பட்டம் பெறாதவர். 1930 முதல் 1958 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வேடுகளைச் சரிபார்க்கும் செயலராக இருந்தார். ஓரம் எவ்வளவு விட வேண்டும், அட்டவணை எங்கே வர வேண்டும், அடிக்குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று அவர் ஒப்புக்கொண்டால்தான் ஆய்வேடு ஏற்கப்படும். ஒரே கேள்விக்கு ஆயிரம் பேருக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட எழுதிக் கொடுப்பது மேல் என்று 1937-இல் ஒரு சிறு வழிகாட்டி தயாரித்தார். அது இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது; 90 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. பட்டமில்லாத ஒருவர் வகுத்த ஒழுங்கில் எத்தனை முனைவர்கள் உருவாகியிருக்கிறார்கள்!

7 பக்கம் வளர்ந்த விதம்

அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ முறையும் இப்படி ஓர் எளிய தொல்லையில்தான் தொடங்கியது. 1928-இல் உளவியல், மானுடவியல் இதழ்களின் ஆசிரியர்களும் மேலாளர்களும் கூடினார்கள். வருகிற கட்டுரைகள் தாறுமாறாக இருக்கின்றன, திருத்தி அச்சிடுவதற்குள் செலவு கையைக் கடிக்கிறது என்பது பேச்சு. 1929-இல் 7 பக்க அறிவுரை ஒன்று வெளியானது. அதை எழுதியவர்கள் மிகவும் தன்னடக்கமாக, இது கட்டளை இல்லை, சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளும் பரிந்துரை, விலக்குகள் தேவைப்படும் என்ற தொனியில் சொல்லியிருந்தார்கள். 2019-இல் வந்த 7-ஆம் பதிப்பு 400 பக்கங்களுக்கு மேல். அதற்கு முந்தைய 6-ஆம் பதிப்பு 2009-இல் வந்தபோது, பிழையின்றி எழுதச் சொல்லிக்கொடுக்கும் அந்த நூலின் முதல் அச்சிலேயே ஏராளமான பிழைகள். புகார் எழுந்து, வாங்கியவர்களுக்கு மாற்றுப் பிரதி கொடுக்க வேண்டியதாயிற்று.

இலக்கியத் துறைகளுக்கான எம்எல்ஏ முறை 1951-இல் அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் வெளியிட்ட ஒரு விதித்தொகுப்பில் தொடங்கியது. 1984-இல் அடிக்குறிப்பைக் கைவிட்டு அடைப்புக்குறிக்கு மாறியது. மருத்துவ இதழ்களின் கதை வேறு. தட்டச்சுப் பொறிக் காலத்தில், ஓர் இதழ் மறுத்த கட்டுரையை அடுத்த இதழுக்கு அனுப்ப வேண்டுமென்றால் ரெஃபரன்ஸ் பட்டியல் முழுவதையும் புதிய முறையில் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். ஆய்வின் உள்ளடக்கம் மாறாது, புள்ளியும் கோடும் மட்டும் மாறும். 1978 ஜனவரியில் சில மருத்துவ இதழாசிரியர்கள் கனடாவின் வான்கூவரில் கூடி, எல்லா இதழ்களும் ஏற்கும்படி ஒரே வடிவம் போதும் என்று முடிவெடுத்தார்கள். எண் போட்டுக் கடைசியில் பட்டியலிடும் அந்த முறைக்கு ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது.

தொல்லையில் பிறந்த விதி, தொல்லை தீர்ந்ததும் போய்விட வேண்டும். சில நேரம் போகவும் செய்கிறது. புத்தகத்துக்குப் பதிப்பகத்தின் ஊரையும் எழுது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். கடிதம் போட்டுப் புத்தகம் வரவழைத்த காலத்தில் அது பயன்பட்டது. இணையத்தில் தேடினால் கிடைத்துவிடும் காலத்தில் ஊர் எதற்கு? 2019-இல் ஏபிஏ அதை நீக்கியது. படித்தது அச்சிலா இணையத்திலா என்று குறிக்கச் சொல்லி எம்எல்ஏ 2009-இல் விதி போட்டது. 2016-இல் அதையே எடுத்துவிட்டது. இணைய முகவரி கட்டாயமில்லை என்று சொன்ன அதே 2009 விதியும் 2016-இல் தலைகீழானது. மனப்பாடம் செய்தவர்கள் பாவம். காரணத்தைப் புரிந்துகொண்டவர்களுக்கு ஒன்றும் நட்டமில்லை.

எது பெயர், எது தந்தை பெயர்?

ஆனால் ஒரு தொல்லை இன்னும் தீரவில்லை. அதில் நம் பங்கு பெரியது. இந்த முறைகள் எல்லாம், பெயரின் கடைசியில் குடும்பப் பெயர் இருக்கும் சமூகத்தில் பிறந்தவை. கடைசிப் பெயரை முன்னே போடு, மற்றதை முதலெழுத்தாக்கு என்று சொல்லிவிட்டார்கள். தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. முன்னால் நிற்கும் எழுத்து தந்தையின் பெயரையோ ஊரின் பெயரையோ குறிக்கும். பின்னால் நிற்பதுதான் ஆளின் பெயர்.

சர் சி.வி. ராமனின் பெயர் வெங்கடராமன். சந்திரசேகரன் என்பது அவருடைய தந்தையின் பெயர். ஒரே பெயர் வெங்கட, ராமன் என்று இரண்டாகப் பிளக்கப்பட்டதில், பெயரின் பின்பாதி குடும்பப் பெயரின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. உலகம் முழுவதும் பட்டியல்களில் ராமன் என்ற பாதிப் பெயரில்தான் அவர் வருகிறார். இன்றைய மாணவி கா. மலர்விழி கடவுச்சீட்டுக்காக மலர்விழி காளிமுத்து ஆகிறார். அவர் எழுதிய கட்டுரையை மற்றவர்கள் எடுத்தாளும்போது பட்டியலில் நிற்பது காளிமுத்து. உழைத்தவர் மகள், பெயர் அப்பாவுக்கு. அதனால் முதல் கட்டுரை வெளியிடும்போதே தன் பெயர் எப்படி வர வேண்டும் என்று தீர்மானித்து, கடைசி வரை அதையே வைத்துக்கொள்வது நல்லது. தமிழ் நூல்களைப் பட்டியலிடும்போது சாமிநாதையரை உடைத்து ஐயர் என்ற பெயரின் கீழ் கொண்டுபோய்ச் சேர்க்காமல் இருப்பதும் நல்லது.

இல்லாத கட்டுரைக்குக் கிட்டத்தட்ட 400 மேற்கோள்

1955-இல் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்டு ஒரு யோசனை சொன்னார். ஒரு கட்டுரையைப் பின்னால் வந்த யாரெல்லாம் எடுத்தாண்டார்கள் என்று அட்டவணை போட்டால், ஒரு கருத்து எங்கெங்கே பயணம் செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம். 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணை முறையாக வெளிவரத் தொடங்கியது. தேடுவதற்கென்று போட்ட அட்டவணை எண்ணுவதற்குப் பயன்படத் தொடங்கியது. எத்தனை மேற்கோள் என்பது வேலைக்கும் பதவி உயர்வுக்கும் அளவுகோல் ஆனது. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் போட்ட விதிகளின்படி, ஆய்வேட்டில் பிற எழுத்துகளோடு 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து. சதவீதத்தைக் குறைப்பதே மாணவரின் முழு நேரக் கவலையாகிவிட்டது. மென்பொருள் சொற்களின் ஒற்றுமையைத்தான் எண்ணும். குறிப்பிட்ட நூலில் குறிப்பிட்ட செய்தி இருக்கிறதா என்று போய்ப் பார்க்காது.

வடிவத்தைப் பொறுத்தவரை இன்று கஷ்டமே இல்லை. 2006-இல் வந்த சொட்டெரோ போன்ற இலவச மென்பொருள்களில் 10,000-க்கும் மேற்பட்ட இதழ்களின், நிறுவனங்களின் முறைகள் தயாராக இருக்கின்றன. ஒரு சொடுக்கில் பட்டியல் முழுவதும் ஏபிஏ-விலிருந்து வான்கூவருக்கு மாறும். டுரேபியன் நாள் முழுக்கச் செய்த வேலை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் உள்ளே போட்ட பெயர் தப்பாக இருந்தால், அழகாக ஒழுங்குபடுத்திய தப்பு வெளியே வரும்.

2003-இல் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ரெஃபரன்ஸ் பட்டியல்களில் ஒரே அச்சுப்பிழை, ஒரே தப்பான பக்க எண், எத்தனை பேர் கைக்குத் தாவுகிறது என்று எண்ணினார்கள். மூலத்தைப் பிரித்துப் பார்த்தவர் அதே பிழையைச் செய்ய மாட்டார். அடுத்தவர் பட்டியலைப் பார்த்து எழுதியவர்தான் செய்வார். அதை வைத்து அவர்கள் போட்ட கணக்கில், மேற்கோள் காட்டுபவர்களில் ஏறத்தாழ 20 சதவீதம் பேர்தான் மூலத்தைப் படிக்கிறார்கள்.

அதைவிட வியப்பான ஒன்று உண்டு. அறிவியல் கட்டுரை எழுதும் கலையைப் பற்றி 2000-இல் வெளிவந்ததாக வான் டெர் கீர் முதலியோரின் ஒரு கட்டுரை, ஏறத்தாழ 400 ஆய்வுகளில் மேற்கோளாக வந்திருந்தது. எழுத்தைப் பற்றிய கட்டுரை என்பதால் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்ற பேராசிரியர் பீட்டர் க்ரோனன்பெர்க் அதைத் தேடிப் போனார். கட்டுரை கிடைக்கவில்லை. அப்படி ஓர் இதழே இல்லை. எல்செவியர் பதிப்பகம் ரெஃபரன்ஸ் எப்படி எழுத வேண்டும் என்று காட்டுவதற்காகத் தன் மாதிரிப் படிவத்தில் இட்டுக்கட்டி வைத்திருந்த உதாரணம் அது. 2017-இல் இதை விரிவாக எழுதிய ஆன்-வில் ஹார்சிங், பெரும்பாலானவை மாநாட்டுக் கட்டுரைகள் என்று கண்டார். படிவத்தின் மேலேயே தங்கள் கட்டுரையை எழுதியவர்கள் மாதிரி வரியை அழிக்க மறந்திருந்தார்கள். காற்புள்ளி, சாய்வெழுத்து, பக்க எண் எதிலும் குறை சொல்ல முடியாது. வடிவம் கச்சிதம். கட்டுரைதான் இல்லை.

2023-இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று இரண்டு வழக்கறிஞர்களுக்கும் அவர்களுடைய அலுவலகத்துக்கும் 5,000 டாலர் அபராதம் விதித்தது. சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்பு மேற்கோள்களை அவர்கள் அப்படியே மனுவில் சேர்த்திருந்தார்கள். அந்த வழக்குகள் நடந்ததே இல்லை. எதிர்த்தரப்பு தீர்ப்புகளைத் தேடிப் பார்த்ததால்தான் விஷயம் வெளியே வந்தது.

இனி வடிவத்தைச் சரியாகப் போடுவதற்காக யாரும் யாரையும் பாராட்டப் போவதில்லை. அதை எந்திரம் செய்துவிடும். மாணவருக்கு எஞ்சியிருப்பது பழைய வேலைதான். மேற்கோள் காட்டும் நூலை ஒரு முறையாவது கையில் எடுத்து, அந்தப் பக்கத்தில் அந்தச் செய்தி இருக்கிறதா என்று பார்ப்பது. மூலம் கிடைக்காமல் இன்னொருவர் வழியாகத் தெரிந்துகொண்டால், அந்த இன்னொருவரின் பெயரைச் சொல்வது. பேல் செய்ததும் இதுதான், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் செய்ததும் இதுதான். 400 பேர் எழுதிவிட்டுப் போன ஒரு கட்டுரை இல்லவே இல்லை என்று தெரிந்தது எப்படி? யாரோ ஒருவர் அதைப் படிக்க விரும்பியதால்.